ஏழாம் பகுதியிலிருந்து தொடங்கிய வீடு

நம் பக்கத்து அறிவியல் புனைகதை எழுத்தாளர் காலமாகி இன்னும் இரண்டு மாதம் நிறையவில்லை. அதற்குள் நம் வாசகர் வட்டத்தில் ஒரு கேள்வி எழுந்துவிட்டது: அவரை இதுவரை படிக்காத ஒருவர் எங்கிருந்து தொடங்குவது?

சென்ற கூட்டத்தில் ஆளுக்கொரு விடை சொன்னீர்கள். வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற நண்பர், அவருடைய கடைசிப் பெரிய நாவலே சிகரம் என்றார். மருந்துக்கடை நண்பர், ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடும் லாரியில் கிளீனர் மட்டும் வடநாடு வரை போய்வரும் சிறுகதையைச் சொன்னார். தலைமையாசிரியையாக இருந்த தோழிக்கு, பண்ணைக் கோழிகள் விளக்கு எரியும் மணிநேரத்தை எண்ணக் கற்றுக்கொள்ளும் குறுநாவல்தான் பிரியம். மூன்றும் நல்ல நூல்கள்தாம். ஆனாலும் நான் அவருடைய கிணற்றுத் தொடரைத்தான் சொன்னேன். அதையும் முதல் பகுதியிலிருந்து படிக்க வேண்டும் என்றேன்.

நீங்கள் சிரித்தீர்கள். "எந்தக் கதையையும் மொதல்ல இருந்துதானுங்க படிப்பாங்க?" என்றார் வங்கி நண்பர். எல்லோரும் அப்படிப் படிப்பதில்லை. எங்கள் வீட்டில் அதை ஏழாம் பகுதியிலிருந்து படித்தோம். அதனால் ஒரு கிணறு வற்றியது. கூட்டத்தில் சொல்ல நேரம் போதவில்லை. என்னைப் போலவே ஆண்டுக்கொரு முறை கண்ணாடி மாற்றிக்கொண்டிருக்கும் உங்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

நான் ஏழாம் வகுப்பு முடித்திருந்த கோடை அது. புதுச்சத்திரத்தில் பேருந்தை விட்டு இறங்கி மேற்கே அரை மணி நேரம் நடந்தால் எங்கள் தோட்டம் வரும். தோட்டத்தில் இரண்டு வீடுகள் இருந்தன. ஒன்று எங்களுடையது, மற்றது அப்பாவின் அண்ணனான பெரியப்பாவுடையது. நிலத்தைத் தாத்தா காலத்திலேயே நடுவே வரப்புப் போட்டுப் பிரித்திருந்தார்கள். கிணற்றைப் பிரிக்க முடியாதல்லவா? அது பொதுவில் இருந்தது. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் எங்கள் முறை. வியாழன் முதல் சனி வரை பெரியப்பாவின் முறை. ஞாயிறன்று யாரும் மோட்டாரைத் தொடக்கூடாது. அன்று கிணறு ஊற வேண்டும். இதற்குமேல் எழுதப்படாத சட்டம் ஒன்றும் இருந்தது. யாருடைய முறை முடிகிறதோ, அவர் மற்றவரின் மாட்டுத்தொட்டியை நிரப்பிவிட்டுத்தான் மோட்டாரை நிறுத்த வேண்டும். புதன் மாலை அப்பா பெரியப்பாவின் தொட்டியை நிரப்புவார். சனி மாலை பெரியப்பா எங்கள் தொட்டியை நிரப்புவார். மழை பெய்யும் நாளில்கூட இது தவறியதில்லை.

அந்தக் கோடையில் கிணற்றில் தண்ணீர் வெகுவாகக் கீழே போயிருந்தது. மூன்று மணி நேரம் ஓடிய மோட்டார் ஒரு மணி நேரத்தில் மூச்சு வாங்கியது. அப்பா கிணற்றுமேட்டில் நின்று உள்ளே பார்த்துவிட்டு வருவார்.

இந்தச் சமயத்தில்தான் இராசிபுரத்திலிருந்து சித்தி ஒரு மாதம் தங்க வந்தாள். அவள் கொண்டுவந்த பொருள்களில் எனக்கு இன்றும் கண்முன் நிற்பது ஒரு பைண்டுப் புத்தகம். அன்று நம் வீட்டுப் பெண்கள் வார இதழ்களில் வரும் தொடர்கதைகளை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, சணல் நூலால் தைத்து, காலண்டர் அட்டையை மேலட்டையாக ஒட்டி வைப்பார்கள். உங்கள் வீடுகளிலும் இருந்திருக்கும். சித்திக்கும் அவளுடைய சிநேகிதிகளுக்கும் இடையே இந்தப் பைண்டுகள் சேலம்–நாமக்கல் பேருந்தில் பயணம் செய்தன. நடத்துநர் ஒருவர் டிக்கெட் கொடுக்கும் அக்கறையோடு அவற்றையும் ஊர் ஊராக இறக்கிக் கொடுப்பார். சித்தியிடம் இருந்தது கோந்து மணமும் வெந்தயக்குழம்புக் கறையும் உள்ள தடித்த பைண்டு. திறந்ததும் முதல் பக்கத்தின் தலையில் 'ஏழாம் பகுதி' என்று இருந்தது.

"முன்னாடி இருக்கறது எங்க அம்மிணி?" என்று அப்பா கேட்டார்.

"நாமக்கல்லுல ஒருத்தி ஊட்டுல மாட்டிக்கிச்சுங்க மாமா. அவ படிக்கவும் மாட்டா, குடுக்கவும் மாட்டா."

ஆடிப்பட்டத்துக்கு விதைக்கடலை உடைக்கும் காலம். மத்தியான வெயிலில் இரண்டு வீட்டாரும் எங்கள் கூரைக் கொட்டகையில் கூடி, மூட்டைகளைக் கொட்டி உடைப்பார்கள். நான் உடைத்ததைவிடத் தின்றதே அதிகம். இரண்டாம் நாளே பெரியம்மா என் கையிலிருந்த முறத்தைப் பிடுங்கிக்கொண்டு அந்தப் பைண்டைத் திணித்தாள். "நீ இதப் படி சாமி. படிக்கற வாய் திங்காது."

அப்படித்தான் நான் அந்த எழுத்தாளரின் வாசகி ஆனேன்.

கதையில் வறண்ட ஊர் ஒன்றுக்கு ஓர் இளைஞன் பெரிய இயந்திரத்தோடு வருகிறான். ஆயிரம் அடிக்குக் கீழே பாறைக்கு அடியில் ஓர் ஆறு தூங்குகிறது என்கிறான். ஊரார் நகைக்கிறார்கள். இயந்திரம் இறங்குகிறது. எத்தனையாவது அடியில் செம்மண், எத்தனையாவது அடியில் கருங்கல், எந்த அடியில் கல்மாவு ஈரமாகிறது என்று வரிவரியாகக் கணக்கு வருகிறது. கடைசியில் தண்ணீர் பனை உயரத்துக்குச் சீறுகிறது. ஊரே நனைகிறது. நான் அந்த இடத்தை ஏற்ற இறக்கத்தோடு வாசித்து முடித்தபோது, கொட்டகையில் ஒரு கடலைகூட உடையவில்லை.

"என்ற புள்ள படிச்சா ரேடியோவாட்டம் இருக்குது பாருங்க" என்றார் அப்பா. அவர் எல்லோர் முன்னாலும் என்னைப் புகழ்ந்தது அதுதான் முதல் முறை.

அந்தப் பைண்டின் கடைசி வரி மட்டும் யாருக்கும் விளங்கவில்லை. தண்ணீர் வந்து, பொங்கல் வைத்து, எல்லாம் முடிந்தபின், 'அவள் ஏட்டை மூடிவிட்டு நெடுநேரம் அழுதாள்' என்று முடிந்திருந்தது. கதையில் அப்படி ஒரு 'அவள்' இல்லை.

"ஆருடி அவ?" என்றாள் அம்மா.

"எழுதறவன் பொண்டாட்டியா இருக்கும்" என்றாள் பெரியம்மா. "ஊட்டு வேலையப் பாக்காம இப்படி எழுதிட்டே கெடந்தா அழுகாம என்ன பண்ணுவா?"

எல்லோரும் சிரித்தோம். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அவர் பாறையின் கணக்கை யோசித்துக்கொண்டிருந்தார். எட்டாவதோடு பள்ளியை விட்டவர் அவர். அச்சில் வந்ததைப் பொய்யென்று எண்ணும் பழக்கம் அவருக்கு இல்லை. ஆயிரம் அடி வேண்டாம், முந்நூறு போதும் என்று அவராகவே ஒரு முடிவுக்கு வந்து, திருச்செங்கோட்டுக்குப் போய் ஆழ்துளை போடும் ரிக் வண்டிக்குச் சொல்லிவிட்டு வந்தார். குழி போடத் தேர்ந்த இடம் எங்கள் பக்கத்து வரப்போரம். கிணற்றிலிருந்து முப்பது அடிகூட இராது.

அந்த வாரம் மீட்டர் பார்க்க வருகிறவர் வந்தார். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை சைக்கிளில் வருவார். மெலிந்த உடம்பு, தோளில் காக்கிப் பை. சுவரில் ஆணியில் தொங்கும் மீட்டர் அட்டையை எடுத்து, எண்ணைக் குறித்து, மறுபடி அதே ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விடுவார். ஏழு என்ற எண்ணின் இடுப்பில் ஒரு சின்னக் குறுக்குக்கோடு போடுவார். அது எனக்கு வேடிக்கையாக இருக்கும். நாங்கள் அவரை மனிதராகப் பார்த்ததே அவர் தண்ணீர் கேட்கும்போது மட்டும்தான். அன்று சொம்பை வாங்கியவர் குடிக்காமல் நின்றார். கேட்டவர்களுக்காக நான் தண்ணீர் சீறும் இடத்தை மூன்றாம் முறையாக வாசித்துக்கொண்டிருந்தேன்.

"இத எங்கிருந்து ஆரம்பிச்சீங்க?" என்றார்.

"ஏழுல இருந்துங்க" என்றேன்.

"மொதல்ல இருந்து படிக்கோணும் பாப்பா."

அப்பா குறுக்கிட்டார். "தண்ணி வர்ற எடம் இருக்குதுங்களே, அது போதாதுங்களா? நாங்களும் வர்ற வெள்ளிக்கெழம போர் போடறமுங்க."

மீட்டர்காரரின் முகம் மாறியது. "அது கதைங்க" என்றார்.

"கதைன்னா அடிக்கணக்கு எதுக்குங்க போட்டிருக்குது?"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு சொம்பைக் கீழே வைத்துவிட்டு, "வாரேனுங்க" என்று சைக்கிளை எடுத்தார். அவர் தலை மறைந்ததும் அப்பா சொன்னார்: "போர் மோட்டார் கரண்டு இழுக்குமில்ல. அரசாங்கத்து ஆளு, தடுக்கத்தான் பாப்பான்." எல்லோரும் ஆமோதித்தோம். ஒரு மனிதரை இதைவிடத் தவறாக எங்கள் வீடு எடைபோட்டதாக எனக்கு நினைவில்லை.

செவ்வாயன்று சித்தி புதுச்சத்திரத்திலிருந்து திரும்பியபோது அவள் கையில் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம் இருந்தது. நடத்துநர் கொடுத்தாராம். மேலே பெயர் இல்லை. எங்கள் வீட்டு மின் இணைப்பு எண் மட்டும் எழுதியிருந்தது. அதன் கீழே, 'சத்தமாகப் படிக்கும் பாப்பாவுக்கு.' அந்த எண்ணில் ஓர் ஏழு இருந்தது. அதன் இடுப்பில் குறுக்குக்கோடு.

"உனக்கு வந்ததுதான், நீயே பிரிச்சுப் பாரு" என்று சித்தி சமையலறைக்குள் போய்விட்டாள்.

உள்ளே தொடரின் முதல் ஆறு பகுதிகள் இருந்தன. மோட்டார் அறைக்குள் உட்கார்ந்து முதல் பகுதியைப் படித்தேன். நீங்கள் இனிமேல்தான் படிக்கப்போகிறீர்கள் என்பதால் முழுதும் சொல்ல மாட்டேன். எனக்கு விளங்கியதை மட்டும் சொல்கிறேன். நூறாண்டுக்குப் பிறகு ஒரு சிறுமி மண்மேடான ஓர் ஊருக்கு வருகிறாள். அவள் பிறந்ததிலிருந்து கிணறு என்ற ஒன்றைக் கண்டதில்லை. பெரிய குழி ஒன்றின் ஓரமாக நீளமான கல்தொட்டியைக் காண்கிறாள். அது எதற்கென்று தெரியவில்லை. உள்ளே இறங்கிப் படுத்துப் பார்க்கிறாள். தன் அளவுக்குச் சரியாக இருக்கவே, குழந்தைகளைத் தூங்க வைக்கச் செய்த கட்டில் என்று முடிவு செய்கிறாள். அதன் அடியில் ஓர் ஏடு கிடைக்கிறது. நாங்கள் குதூகலத்தோடு படித்த ஏழாம் பகுதி முதலான அத்தனையும் அந்த ஏட்டில் இருந்தவை. அந்த ஊர் அழிந்ததே அந்தத் தண்ணீரை உறிஞ்சித் தீர்த்ததால்தான்.

பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு இது போதுமான அளவு புரிந்தது. ஓடிப்போய் அப்பாவிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் பொட்டலத்தைக் கடலைத்தொலி மூட்டைக்கு அடியில் செருகினேன்.

வியாழன் காலை பெரியப்பா எங்கள் வாசலுக்கு வந்தார். நான் அங்கேதான் நின்றேன்.

"ஏன்டா தம்பி, கெணத்துக்கும் குழிக்கும் முப்பதடி இல்லியே. கெணத்து ஊத்து அக்கட்ட எறங்கிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

"அது வேற தண்ணிங்கண்ணா. கெணத்துல இருக்கறது மேல் ஊத்து. இது அடியில தூங்கற ஆறு."

"ஆரு சொன்னா?"

"அச்சுல போட்டிருக்குதுங்க."

பெரியப்பாவுக்கு எழுத்து தெரியாது. அவர் என் பக்கம் திரும்பினார். "அப்படியா சாமி போட்டிருக்குது? நீ படிச்ச புள்ள, நீ சொல்லு."

அந்தக் கணத்தைப் பல கோணங்களில் எடைபோட்டுப் பார்த்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால் அண்ணன் முன்னால் அப்பா தலைகுனிவார் என்று பயந்தது உண்மை. ரேடியோவாட்டம் என்ற புகழ் போய்விடும் என்று பயந்ததும் உண்மை. எது பெரிய பயம் என்று என்னால் இன்றும் பிரிக்க முடியவில்லை.

"ஆமாங்க பெரியப்பா. அடிக்கணக்கோட போட்டிருக்குதுங்க" என்றேன்.

"அப்பறமென்ன" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை ரிக் வண்டி வந்தது. அந்தச் சத்தத்தில் முருங்கை இலைகள் நடுங்கின. வெள்ளைக் கல்மாவு பறந்து எருமைகளெல்லாம் நரைத்துப்போயின. இருபதடி நீள இரும்புத் தண்டுகள், ராடு என்பார்கள், ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. பதினான்காவது ராடில் மாவு நின்றது. பதினைந்தாவதில் தண்ணீர், கதையில் சொன்னபடியே, சீறியது. அம்மாவும் சித்தியும் பெரியம்மாவும் நனைந்துகொண்டே குலவையிட்டார்கள். அப்பா அழுதார். பெரியப்பா வந்து இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தார். வாயிலேயே சிறிது நேரம் வைத்திருந்து விழுங்கினார்.

"இது நம்ம கெணத்து ருசிடா" என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குப் போனார்.

புதுக்குழாயில் மோட்டாரை மாட்டி ஓட்டிய பத்தாம் நாள் கிணறு வற்றியது. சேற்றில் கெளுத்தி மீன்கள் துள்ளி, பிறகு அவையும் அடங்கின. பெரியப்பாவின் முறையன்று அவர் கிணற்று மோட்டாரைப் போட்டார். அது காற்றை மட்டும் இழுத்தது. அவர் வந்து சண்டை போடவில்லை. போட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும். பெரியம்மா கடலை உடைக்க வருவதை நிறுத்தினாள். இரண்டு குடத்தோடு காட்டைத் தாண்டிப் போய்வந்தாள். புதன் மாலை வந்தது. நிரப்பக் கிணற்றில் தண்ணீர் இல்லை; குழாய்த் தண்ணீருக்கு முறை என்று ஒன்றும் இல்லை. பெரியப்பாவின் மாட்டுத்தொட்டி, தாத்தா காலத்துக்குப் பின் முதன்முறையாக, காய்ந்து கிடந்தது. அவருடைய எருமை தொட்டியை முகர்ந்துவிட்டு எங்கள் வீட்டைப் பார்த்துக் கத்தியது. மூன்று நாள் அந்தக் கத்தலைக் கேட்டேன்.

ஞாயிறு மத்தியானம் மிச்சக் கடலையை நாங்கள் மட்டும் உடைத்துக்கொண்டிருந்தோம். நான் தொலி மூட்டையை நகர்த்திப் பொட்டலத்தை எடுத்து, யாரையும் கேட்காமல் முதல் பகுதியைச் சத்தமாகப் படிக்கத் தொடங்கினேன். இந்த முறை ஏற்ற இறக்கமெல்லாம் இல்லை.

சிறுமி ஏட்டைப் பிரிக்கும் இடத்தில் அம்மா, "அட, அன்னிக்கு அழுதவ இவதானா?" என்றாள். சிறுமி தொட்டிக்குள் படுத்த இடத்தை நான் ஏற்கெனவே வாசித்துவிட்டிருந்தேன். அப்பா கையிலிருந்த கடலையைக் கீழே போட்டிருந்தார்.

"இது எப்ப சாமி வந்துச்சு?" என்றார்.

"இன்னிக்குத்தாங்கப்பா."

சித்தியின் விரல்கள் ஒரு கணம் நின்றன. பிறகு மறுபடி உடைக்கத் தொடங்கின. அவள் சாகும்வரை அதைப்பற்றி என்னிடமோ வேறு யாரிடமோ பேசவில்லை.

அப்பா எழுந்து போய்ப் புதுமோட்டாரைப் போட்டார். ரப்பர்க் குழாயை வரப்பு தாண்டி இழுத்துப் பெரியப்பாவின் தொட்டியில் விட்டார். பெரியப்பா வாசலுக்கு வந்தார்.

"எதுக்குடா இது?"

"புதங்கெழமையே நெறச்சிருக்கோணுங்கண்ணா. விட்டுட்டேன்."

பெரியப்பா எருமையை அவிழ்த்துவிட்டார். அது குடிக்கும் சத்தத்தை இரு வீட்டாரும் நின்று கேட்டோம். அவர் மனம் இளக மேலும் சில வாரங்கள் பிடித்தன. பெரியம்மாவுக்கு ஒரு பொங்கல் வரை பிடித்தது. ஆனால் அடுத்த வியாழனன்றே குழாய்க் கிணறு முறைக்குள் வந்துவிட்டது. மூன்று நாள் எங்களுக்கு, மூன்று நாள் அவர்களுக்கு, ஞாயிறு யாருக்கும் இல்லை.

நான் சேலத்தில் பட்டப்படிப்பு முடித்து வேலையில் சேர்ந்து பல ஆண்டுகள் ஆனபின், ஒரு நூலின் பின்னட்டையில் மீட்டர்காரரின் முகத்தைக் கண்டேன். அதுவரை புனைபெயருக்குள் இருந்தவர், பணி ஓய்வுக்குப் பின் சொந்தப் பெயரில் எழுதத் தொடங்கியிருந்தார். நூல் வெளியீட்டுக்குப் போய் வரிசையில் நின்றேன். இணைப்பு எண்ணைச் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார்.

"சத்தமாப் படிக்கற பாப்பா!"

நான் பொட்டலத்தை ஒளித்துவைத்த கதையை, வேறு யாரிடமும் சொல்லாததை, அவரிடம் சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"நீங்க பன்னெண்டு வயசுல மறச்சீங்க. நான் முப்பத்தஞ்சு வயசுல மறச்சேனுங்க" என்றார். "எழுதுனது நான்தான், அது பொய், போர் போடாதீங்கன்னு அன்னிக்கே உங்கப்பா கையப் புடிச்சுச் சொல்லியிருக்கோணும். அனுமதி வாங்காம எழுதிட்டு இருந்தேன், மெமோ வந்துருமோன்னு பயம். சைக்கிள் ஏறி வந்துட்டேன். பஸ்ல பொட்டலம் அனுப்பறது பெரிய வீரமா?" பேனாவை மறுபடி எடுத்து, "கெணறு என்னாச்சுங்க?" என்றார்.

முறைக்குள் வந்ததைச் சொன்னேன். அவர் தொட்டியைப் பற்றி இரண்டு முறை கேட்டார். பிறகு என் நூலில் கையெழுத்திட்டு, தேதியும் இட்டார். அந்தத் தேதியில் ஏழு இல்லை. எனக்கு அது சிறிய ஏமாற்றம்.

ஆகவே நண்பர்களே, என் விடையில் மாற்றமில்லை. கடைசி நாவலில் அவர் நுட்பமானவர், லாரிக் கதையில் வேடிக்கையானவர், கோழிக் கதையில் கோபக்காரர். கிணற்றுத் தொடரின் முதல் பகுதியில் மட்டுமே, தான் எழுதியதை யார் எப்படி எடுத்துக்கொள்வார்களோ என்று அஞ்சுகிறவர். அந்த அச்சத்தை முதலில் சந்தித்தவருக்கு மற்ற நூல்களில் வழி தவறாது. இப்போது கிடைக்கும் பதிப்பில் எல்லாப் பகுதிகளும் ஒரே நூலாக இருக்கின்றன. ஆனாலும் பின்னட்டையில் தண்ணீர் சீறும் பத்தியைத்தான் அச்சிட்டிருக்கிறார்கள். அதைப் படிக்காமல் நூலைத் திருப்புங்கள். முடிந்தால் உங்கள் வேலியை ஒட்டி வாழ்கிறவரை உட்காரவைத்துச் சத்தமாகப் படியுங்கள்.

ஓய்வுக்குப் பின் நான் தோட்டத்துக்கே திரும்பிவிட்டேன். அன்றைய பதினைந்து ராடு குழாய் எப்போதோ வற்றிப்போயிற்று. இப்போது நாங்கள் இறைக்கும் ஆழம், அவர் கற்பனையாக எழுதிய ஆயிரம் அடியைத் தாண்டிவிட்டது. அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. அடுத்த முனையில் பெரியப்பா மகன் இருக்கிறார். அண்ணனும் நானும் அரசியலில் எதிரெதிர்; தேர்தல் நேரத்தில் பேசிக்கொள்வதுகூட இல்லை.

இன்று புதன்கிழமை, என் முறை முடிகிறது. அண்ணனின் தொட்டி பாதிதான் நிறைந்திருக்கிறது. நிறைந்ததும் மோட்டாரை நிறுத்த வேண்டும்.